ஒரே சட்டை

எட்டு பாஸ்போர்ட் முகங்களும் செக்கச்செவேலென்று வந்தன. ஜெயக்கொடி தாளை ஓரத்தில் பிடித்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தாள். திரையில் பையனுக்குப் பின்னால் வெளிர்நீலம் இருந்தது. தாளில் அது ரோஜா நிறமாகியிருந்தது. காட்டாங்குளத்தூர் கல்லூரியில் சேரப்போகிறவன், காய்ச்சலில் எழுந்து வந்தவன் போல இருந்தான். தாளை மேசைக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டியில் போட்டாள். அந்த வாரம் பூராவும் பெட்டியில் சிவந்த முகங்கள் சேர்ந்துகொண்டிருந்தன.

பிரிண்டரில் நீல மை அடைத்துக்கொண்டிருந்தது. முதலாளி ராஜகோபால் ஒரிஜினல் மை வாங்குவதில்லை. பாரீஸ் கார்னரில் புட்டியில் வாங்கிவந்து, ஊசியால் பழைய கார்ட்ரிட்ஜுக்குள் ஏற்றுவார். அடைத்தால் மெஷின் தானே சுத்தம் செய்துகொள்ள ஒரு பொத்தான் உண்டு. அதற்கு மை நிறையச் செலவாகும். அதனால் அந்தப் பொத்தானைத் தொடக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்.

"கலர் சரியில்லன்னா கம்ப்யூட்டர்ல சரி பண்ணு. அதுக்குத்தானே உன்ன வச்சிருக்கேன்" என்பார்.

அன்று அவர் குரோம்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கடையில் ஜெயக்கொடி மட்டும் இருந்தாள். பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. மின்விசிறி அவள் பக்கம் திரும்பாதபோது முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

"பாப்பா, என்னுது இப்ப ஆவுமா?"

"வாங்கக்கா. என்ன வேணும்?"

"எங்க வூட்டுக்காரரு போட்டோ. துளசிங்கம்னு பேரு. பெருங்களத்தூர் தாண்டி அந்தத் தகரக் கம்பெனில இருந்தாரு. உங்க ஸ்டூடியோகாரருதான் அங்க வந்து எல்லாரையும் படம் புடிச்சாராமே."

"ஆமா. கார்டுக்காக எடுத்தது. அவர வந்து வாங்கிக்கச் சொல்லக் கூடாதா?"

"அவரு எங்க வர்றது. செத்து ரெண்டு வாரம் ஆவுது. பிரஸ் மிஷின்ல மாட்டிக்கினாரு."

ஜெயக்கொடி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"கம்பெனில கேட்டா, அப்பிடி ஒரு ஆளே எங்ககிட்ட வேல செய்யலன்றாங்க" என்றாள் அந்தப் பெண். "பழைய இரும்பு ஏத்த வந்த லாரி ஆளாம். தெரியாத்தனமா உள்ள பூந்துட்டாராம்."

"கம்பெனி கார்டு இருக்குமே?"

"கழுத்துல தொங்கிக்கினு இருந்துச்சு. ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்கு முன்னாடியே சூப்ரவைசரு கழட்டிக்கினாரு. எங்க தெரு அரிகிருஷ்ணன் கண்ணால பார்த்தாரு. என்கிட்ட சொன்னாரு. ஆபீசருகிட்ட வந்து சொல்லுன்னா மாட்டன்றாரு. நாளைக்கு அவரும் அந்த கேட்டுக்குள்ளதான போவணும்."

அவள் பெயர் கிளியம்மாள். இரண்டு பெண்பிள்ளைகள். லேபர் ஆபீசில் மனு கொடுத்திருந்தாள். அங்கே ஒருவர், கம்பெனிச் சட்டை போட்ட படம் ஒன்று இருந்தால் கொண்டுவா, நஷ்டஈட்டுக் கேஸ் நிற்கும் என்று சொல்லியிருந்தார். சட்டை நீலம். அதைக் கிளியம்மாள் இரண்டு முறை சொன்னாள்.

ஜெயக்கொடி 'மார்ச் 98' என்ற ஃபோல்டரைத் திறந்தாள். உள்ளே பெயர்கள் இல்லை. எண்கள்தான் இருந்தன. ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. முதலில் தலைமுடி, பிறகு நெற்றி, கண், மூக்கு. கிளியம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்ல. இவரில்ல."

"இவரு?"

"ஐயே, இது அரிகிருஷ்ணன். மூஞ்சிய பாரு, ஒண்ணும் தெரியாத கொழந்தயாட்டம்."

சில முகங்கள் கழிந்ததும் ஜெயக்கொடி அதை மூடினாள். இப்படிப் பார்த்தால் சாயங்காலம் ஆகிவிடும். வரிசைப் படங்கள் இருந்த ஃபோல்டரைத் திறந்தாள்.

ராஜகோபால் ஃபிலிம் மிச்சம் பிடிக்க ஒரு வழி வைத்திருந்தார். கம்பெனியில் ஆட்களை ஐந்தைந்து பேராகச் சுவரோரம் நிறுத்தி, ஒரே படமாக எடுத்துவிட்டார். ஜெயக்கொடி அந்தப் படங்களை ஸ்கேனரில் ஏற்றி, ஒவ்வொரு தலையாக வெட்டி எடுத்தாள். கார்டில் எல்லாரும் யூனிஃபார்மில் இருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு யூனிஃபார்ம் கொடுத்ததில்லை. ஒரு சட்டையை மட்டும் டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். அதை ராஜகோபாலே மாட்டிக்கொண்டு கேமரா முன்னால் நின்றார். ஜெயக்கொடி அவர் தலையை எடுத்துவிட்டு, அந்த உடம்பில் எல்லாத் தலைகளையும் வைத்தாள். சட்டை மறுநாளே கம்பெனிக்குத் திரும்பிப் போனது.

மூன்றாவது வரிசைப் படம் திறந்தபோது கிளியம்மாள் திரையில் விரலை வைத்தாள்.

"அதோ."

ஐந்து பேரில் நடுவில் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். கட்டம் போட்ட சட்டை. தோள்பட்டையில் கிழிந்த இடம் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் நின்ற அரிகிருஷ்ணன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். துளசிங்கத்தின் வாய் சிரிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றிருந்தது. அவர்களுக்குப் பின்னால், ஆட்களின் வருகை பதியும் டைம் ஆபீஸ் சுவர். அதில் கம்பெனியின் பெயர் பாதி தெரிந்தது.

கிளியம்மாள் விரலை எடுக்கவில்லை.

"தையல் நான் போட்டது" என்றாள். "கறுப்பு நூலு இல்ல. இருந்தத வச்சி போட்டுட்டேன்."

ஜெயக்கொடி எண்ணைப் பார்த்துக்கொண்டு, சட்டை போட்ட படத்தைத் திறந்தாள். நீலச் சட்டை, பையில் கம்பெனி முத்திரை, அதன் பக்கத்தில் ஒரு பேனா. மேலே துளசிங்கத்தின் முகம்.

கிளியம்மாள் சாய்ந்து பார்த்தாள். "தோளு இம்மாம் அகலமா? இது யாரு ஒடம்பு?"

"எங்க முதலாளி உடம்பு."

கிளியம்மாள் சிரித்துவிட்டாள். "அதான் பார்த்தேன். உயிரோட இருக்கறப்ப தின்னது ஒட்டவே இல்ல. செத்தப்புறம்தான் சதை போட்டுக்கீறாரு."

ஜெயக்கொடியும் சிரித்தாள். இரண்டு பேரும் உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

படத்தைப் பெரிதாக்கி அச்சுக்குக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் ஒரு கட்டத்தைக் காட்டி நின்றது. டிஸ்க்கில் இடமில்லை. இன்னொரு முறை கொடுத்தாள். மறுபடியும் அதே கட்டம்.

"இன்னாமா எழுதிக்கீது?"

"இடமில்லையாம். எதையாவது அழிச்சாத்தான் பிரிண்ட் போகும்."

எதை அழிப்பது என்று பார்த்தாள். கல்யாணப் படங்களைத் தொட முடியாது. கார்டுப் படங்களைத் தொட முடியாது. வரிசைப் படங்கள்தான் எல்லாவற்றிலும் பெரியவை. தலைகளை வெட்டி எடுத்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை. ஆர்டர் முடிந்ததும் அழித்திருக்க வேண்டியவை.

"அக்கா, அந்த நிக்கிற படம் உங்களுக்கு வேணுமா?"

கிளியம்மாள் யோசித்தாள்.

"வேணாம்மா. அதுல சட்டை கிழிஞ்சிகீது. கம்பெனி சட்டைதான் வேணும்னு சொன்னாங்க."

ஜெயக்கொடி ஃபோல்டரை அழித்தாள். திரையிலிருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். டிஸ்க் கரகரவென்று சுற்றி அடங்கியது.

இப்போது அச்சு வந்தது. துளசிங்கம் சிவந்திருந்தார். சட்டை ரோஜா நிறம்.

கிளியம்மாள் தாளைப் பார்த்தாள். பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தாள்.

"இருங்க. மாத்தறேன்."

திரையில் சிவப்பைக் குறைத்து நீலத்தைக் கூட்டினாள். சட்டை அடர்நீலமாகும் வரை கூட்டினாள். தாளில் ரோஜா கொஞ்சம் வெளுத்தது. நீலம் வரவில்லை. திரையில் எத்தனை நீலம் வைத்தாலும் அடைத்த துளை வழியாக அது தாளுக்கு வரப்போவதில்லை.

"இதையே எடுத்துக்கினு போனா?"

"சட்டை கலரே வேறன்னு சொல்லிடுவாங்கக்கா." ஜெயக்கொடி எழுந்தாள். "பக்கத்து டீக்கடைல ஒரு டம்ளர் சுடுதண்ணி வாங்கிட்டு வர்றீங்களா? கொதிக்கக் கூடாது. கை பொறுக்கற சூடு."

கிளியம்மாள் போய் வாங்கிவந்தாள். ஜெயக்கொடி கார்ட்ரிட்ஜைக் கழற்றி, பஞ்சை நனைத்து, அதன் அடியில் வைத்து அழுத்தினாள். பஞ்சில் முதலில் சிவப்பு வந்தது. பிறகு மஞ்சள். கிளியம்மாள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு பஞ்சு. இன்னொன்று. நீலம் ஊசிமுனை அளவில் வந்தது. பிறகு பரவியது.

"வந்திடுச்சு" என்றாள் கிளியம்மாள்.

கூட்டிவைத்த நீலத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஜெயக்கொடி அச்சுக்குக் கொடுத்தாள். முகம் மாநிறமாக வந்தது. சட்டை நீலமாக வந்தது. படத்தை மூடும்போது, செய்த மாற்றங்களை வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள்.

"ஓரத்துல பிடிங்கக்கா. காயறவரைக்கும் விரல் படக் கூடாது. பட்டா அழிஞ்சிடும். மெதுவா ஊதுங்க."

கிளியம்மாள் தாளின் இரண்டு ஓரங்களையும் பிடித்து முகத்துக்கு நேரே தூக்கினாள். புருஷனின் முகத்தின் மேல் ஊதினாள். காய்ந்த பிறகும் சிறிது நேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு முற்பகலில் கம்பெனி ஜீப் ஸ்டூடியோ வாசலில் நின்றது. கிளியம்மாள் அதற்கு முன்பே பஸ்ஸில் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரச்சொல்லி லேபர் ஆபீசிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் தோத்தாத்ரி. இன்னொருவர் லேபர் ஆபீசிலிருந்து வந்த சாம்பசிவன், சட்டைப் படம் கொண்டுவரச் சொன்னவர். அவர் கையில் ஃபைல் இருந்தது. கிளியம்மாள் எழுந்து நின்று, அவர்கள் வந்த ஜீப்பைப் பார்த்தாள்.

ராஜகோபால் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார்.

சாம்பசிவன் ஃபைலைத் திறந்து, துளசிங்கத்தின் படத்தை மேசைமேல் வைத்தார். "இது இங்க எடுத்ததுதானே?"

ராஜகோபால் ஜெயக்கொடியைப் பார்த்தார். அந்த அச்சைப் பற்றி அவருக்குத் தெரியாது.

"நான்தான் சார் போட்டுக் கொடுத்தேன்" என்றாள் ஜெயக்கொடி.

"யாரக் கேட்டு?" என்றார் ராஜகோபால் தணிந்த குரலில்.

தோத்தாத்ரி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. இந்தச் சட்டை அவர் போட்டுண்டு எடுத்ததா? இல்ல, நீ கம்ப்யூட்டர்ல ஒட்டினதா?"

"ஒட்டினது சார். எல்லாருக்கும் அப்படித்தான். யூனிஃபார்ம்ல இருக்கணும்னு நீங்கதான் சட்டையக் கொடுத்தனுப்பினீங்க."

"அந்த உடம்பு யாரோடது?" என்று சாம்பசிவன் கேட்டார்.

ராஜகோபால் தொண்டையைக் கனைத்தார். "என்னோடது சார்."

சாம்பசிவன் படத்தையும் ராஜகோபாலின் தோள்களையும் பார்த்தார்.

"இவரோட முகம் எப்படி இந்தக் கடைக்கு வந்தது?"

"எங்க முதலாளிதான் சார் கம்பெனிக்குப் போய் எடுத்தாரு" என்றாள் ஜெயக்கொடி. "டைம் ஆபீஸ் சுவர் முன்னாடி வரிசையா நிக்கவச்சு."

"நீங்க போய் எடுத்தீங்களா?"

ராஜகோபால் தோத்தாத்ரியைப் பார்த்தார். "நான் நிறைய இடத்துக்குப் போறேன் சார். கூட்டத்துல யார் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த வரிசைப் படம் இருக்காம்மா? சுவரோட?" சாம்பசிவன் ஜெயக்கொடி பக்கம் திரும்பினார். "அது இருந்தா இந்த ஒட்டுப் படமே தேவையில்ல."

ஜெயக்கொடியின் கை மௌஸ் மேல் போனது. 'மார்ச் 98' திறந்தது. கை அதற்கு மேல் நகரவில்லை. அம்புக்குறி ஒரே இடத்தில் நின்றது.

"அழிச்சிட்டேன் சார்."

"எப்போ?"

"இந்தப் படம் போடறப்ப. டிஸ்க்ல இடம் இல்ல."

கிளியம்மாள் ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தாள். பிறகு, "கட்டம் போட்ட சட்டையா?" என்றாள். "அதயா சார் கேக்கறீங்க? நீங்கதான சார் கம்பெனி சட்டை போட்டது கேட்டீங்க. நான்தான் அது வேணான்னேன்."

சாம்பசிவன் ஃபைலைப் புரட்டினார். "நெகட்டிவ்?"

"கார்டோட சேர்த்து டிரைவர்கிட்ட கொடுத்தேன் சார்" என்றாள் ஜெயக்கொடி.

"எங்களுக்கு அப்படி எதுவும் வரல" என்றார் தோத்தாத்ரி.

"கையாலதான் சார் கொடுத்தேன்."

"ஜெயக்கொடி" என்றார் ராஜகோபால். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

தோத்தாத்ரி நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்லயும் சிஸ்டம் இருக்கு சார். ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்துல தேதி இருக்கும். அதைக் காட்டச் சொல்லுங்கோ."

ஜெயக்கொடி காட்டினாள். எண்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் மார்ச். ஒன்றுக்கு மட்டும் ஜூன்.

"ஆள் இறந்தது மே கடைசி" என்றார் தோத்தாத்ரி. "படம் செஞ்சது ஜூன்."

"அது கலர் மாத்தின தேதி சார். நீலம் அடைச்சிருந்தது. திரையில நீலம் கூட்டினேன். அதை வச்சுக்கவான்னு கேட்டுது, ஆமான்னேன். படம் மார்ச்சுலயே செஞ்சதுதான்."

"மார்ச்சுன்னு எங்க இருக்கு?"

எங்கும் இல்லை. ஜெயக்கொடி மற்ற எண்களில் ஒன்றைத் திறந்தாள். அரிகிருஷ்ணன் நீலச் சட்டையில் வந்தார். பையில் அதே பேனா. "இவரும் ஒட்டினதுதான் சார். இவரு இப்பவும் அங்கதான வேலை செய்யறாரு? இவரும் லாரி ஆளா?"

"அவருக்குக் கார்டு இருக்கு. கழுத்துல மாட்டிண்டிருக்கார்" என்றார் தோத்தாத்ரி. "இவர் கார்டு எங்கேன்னுதான் நான் முதல் நாள்லேர்ந்து கேக்கறேன்."

"சூப்ரவைசரு கழட்டிக்கினாரு சார்" என்றாள் கிளியம்மாள். "உசிரு இருந்திச்சு அப்ப."

வெளியே பஸ் ஒன்று ஹாரனை அழுத்தியபடி நின்றிருந்தது.

"என் பாயிண்ட் சிம்பிள் சார்" என்றார் தோத்தாத்ரி. "இந்தச் சட்டைய இந்தப் பொண்ணு யாருக்கு வேணாலும் மாட்டிவிடும். அதுல தப்பில்ல, அது அதோட வேலை. இப்பவே செஞ்சு காட்டச் சொல்லுங்கோ."

சாம்பசிவன் தயங்கினார். "முடியுமாம்மா?"

ஜெயக்கொடி ராஜகோபாலைப் பார்த்தாள். அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆபீசர் கேக்கறாரில்ல. செய்யி" என்றார்.

"யாருக்கு சார்?"

சாம்பசிவன் மேசையைப் பார்த்தார். திறந்திருந்த ஃபைலில் மனுவின் மூலையில் கிளியம்மாளின் பாஸ்போர்ட் படம் குண்டூசியில் குத்தியிருந்தது. தோத்தாத்ரியின் பார்வையும் அதில் இருந்தது. சாம்பசிவன் குண்டூசியை எடுத்து, படத்தை நீட்டினார்.

ஸ்கேனரின் விளக்கு படத்துக்கு அடியில் ஊர்ந்து போனது. திரையில் முதலில் கூந்தல் வந்தது. பிறகு வெறும் நெற்றி. பிறகு கண்கள். நெற்றிக்கு மேலே குண்டூசி குத்திய ஓட்டை இருந்தது. ஜெயக்கொடி அதைப் பக்கத்து முடியை எடுத்து மூடினாள். தலையை வெட்டினாள். ராஜகோபாலின் உடம்பைத் திறந்து அதன் மேல் வைத்தாள். கழுத்தில் ஓரம் பிசிராகத் தெரிந்தது. அப்படியே விட்டாள்.

பின்னால் நின்ற ராஜகோபால் குனிந்தார். "காலர்கிட்ட பாரு. ஓரத்த மழுப்பு. கடைப் பேரு என்னாவறது."

அவள் ஓரத்தை மழுப்பினாள்.

"நானா?" என்றாள் கிளியம்மாள் திரையைப் பார்த்து. "என்னை எதுக்கு சார் போடறீங்க? நான் அங்க வேல செய்யலியே."

"அதைத்தான்மா காட்டறோம்" என்றார் தோத்தாத்ரி.

போன வாரம் ராஜகோபால் ஒரிஜினல் கார்ட்ரிட்ஜ் வாங்கிப் போட்டிருந்தார். கம்பெனியிலிருந்து புது ஆர்டர் வந்திருந்தது, ஆபீஸ் ஆட்களின் குடும்பப் படங்கள். மெஷின் ஒரு முறைகூட நிற்கவில்லை. டிஸ்க்கில் இடம் இருந்தது. தாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. முகம் மாநிறம், உள்ளபடியே. சட்டை நீலம். பையில் முத்திரை எழுத்து எழுத்தாகத் தெரிந்தது, பக்கத்தில் பேனாவும்.

தோத்தாத்ரி கடிகாரத்தைப் பார்த்தார். "நல்ல பிரிண்ட்" என்றார் ராஜகோபாலிடம்.

சாம்பசிவன் துளசிங்கத்தின் படத்தை ஃபைலில் வைத்தார். அதன் பக்கத்தில் வைப்பதற்காகத் தாளை எடுக்கக் கையை நீட்டினார். கட்டைவிரல் சட்டைமேல் படப்போனது.

"சார், சார். ஈரம்" என்றாள் கிளியம்மாள். "கை பட்டா அழிஞ்சிடும். ஓரத்துலதான் புடிக்கணும்."

அவள் முன்னால் வந்து, தாளை இரண்டு ஓரங்களிலும் பிடித்து எடுத்தாள். முகத்துக்கு நேரே தூக்கி மெதுவாக ஊதத் தொடங்கினாள். ஃபைலைத் திறந்து பிடித்தபடி சாம்பசிவன் காத்துக்கொண்டு நின்றார்.